பந்தும் பாஸ்போர்ட்டும் – 11: பொகோட்டாவின் 'கொள்ளைக்காரர்கள்'

1953-ம் ஆண்டு மே 23. ஆல்ஃபிரெடோ டி ஸ்டெஃபானோ குடும்பத்தோடு பார்சிலோனாவில் வந்து இறங்கினார். வரவேற்றவர்கள் பார்சிலோனா கிளப்காரர்கள். பிறகு அவர் யாருடைய ஆளாக உலகப் புகழ் பெற்றார், எந்த வெள்ளைச் சட்டையில் ஐந்து ஐரோப்பியக் கோப்பைகளைத் தூக்கினார் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. இடையில் நடந்தது என்ன? யார் யாரை ஏமாற்றினார்கள்? ஜெனரல் ஃபிராங்கோவின் கை அதில் இருந்ததா? இந்த வாரம் அதைத்தான் எழுதப்போவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன்.

சிக்கல் என்னவென்றால், அந்த வழக்கின் எல்லா முடிச்சுகளும் ஸ்பெயினில் போடப்பட்டவை அல்ல. அவை கொலம்பியாவின் தலைநகரமான பொகோட்டாவில், கடல் மட்டத்திலிருந்து 2,600 மீட்டர் உயரத்தில், நான்கு வருடம் முன்பே போடப்பட்டவை. ஒரு பத்தியில் அந்த ஊரைத் தாண்டிவிடலாம் என்று நினைத்தேன். அந்த ஊர் அவ்வளவு லேசில் விடுவதாக இல்லை.

1948 நவம்பரில் அர்ஜென்டினா ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததையும், கிளப்கள் சின்னப் பையன்களை இறக்கி லீகை ஒப்பேற்றியதையும் போன வாரம் பார்த்தோம். வேலைநிறுத்தம் முடிந்து வந்தவர்களுக்குக் கிடைத்தது சம்பள உச்சவரம்பு. அந்தக் கோபத்தோடு 1949-ன் நடுவில் முதலில் கிளம்பியவர் அடோல்ஃபோ பெடெர்னேரா. ரிவர் பிளேட்டின் 'லா மாக்கினா' முன்வரிசைக்கு மூளையாக இருந்தவர்; ஆட்டக்காரர் சங்கத்திலும் முன்னணியில் நின்றவர். அவர் பொகோட்டாவில் இறங்கியபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். ஆகஸ்டில் அவர் பின்னாலேயே இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் நெஸ்டர் ரோஸி, மைதானத்தின் நடுவில் நின்று போடும் சத்தத்துக்கே பெயர் போனவர். இன்னொருவர் நம் டி ஸ்டெஃபானோ. வயது 23. மூவரையும் வாங்கிய கிளப் மிலோனாரியோஸ்.

'வாங்கிய' என்று எழுதிவிட்டேன், அதுதான் இல்லை. ரிவர் பிளேட்டுக்கு மிலோனாரியோஸ் ஒரு காசும் தரவில்லை. கால்பந்து வரலாற்றுப் புத்தகங்களில் இந்தக் காலத்துக்கு 'எல் டொராடோ' என்று தங்கமான பெயர் இருந்தாலும், ஆட்டத்தை விவரிக்கும்போது 'கொள்ளை லீக்', 'திருட்டு லீக்' என்றே எழுதுவார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தேன். யார் வீட்டில் யார் திருடியது என்று கணக்குப் பார்த்தால் சங்கதி வேறு மாதிரி இருக்கிறது.

முதலில் ஊரைப் பார்ப்போம். 1948 ஏப்ரல் 9 மதியம், லிபரல் கட்சித் தலைவர் ஹோர்ஹே எலியேசர் காய்தான் தன் அலுவலக வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏழைகளின் நம்பிக்கையாக இருந்த மனிதர். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் பொகோட்டாவின் நடுப்பகுதி சாம்பலாகிவிட்டது. டிராம் வண்டிகளை எரித்தார்கள், கடைகளைச் சூறையாடினார்கள், தெருவெல்லாம் பிணம். அந்தக் கலவரத்துக்குள் அன்று மாட்டிக்கொண்டவர்களில் கியூபாவிலிருந்து மாணவர் மாநாட்டுக்கு வந்திருந்த ஃபிடல் காஸ்ட்ரோ உண்டு. அங்கேயே சட்டம் படித்துக்கொண்டிருந்த காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் உண்டு. அதற்குப் பிறகு கொலம்பியா முழுவதும் பல வருடம் நீண்ட உள்நாட்டுக் கொலைக்காலத்தை அந்த நாட்டவர்கள் 'லா வியோலென்சியா' என்கிறார்கள்.

அந்தத் தீ அணைந்து நான்கு மாதம் கழித்து, ஆகஸ்ட் 15 அன்று, கொலம்பியாவின் முதல் தொழில்முறைக் கால்பந்து லீக் தொடங்கியது. தற்செயலா? ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் உட்கார்ந்து கத்தினால் தெருவில் கத்த மாட்டார்கள் என்று ஆட்சியாளர்கள் கணக்குப் போட்டிருக்க வேண்டும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. எந்த ஊர் ஆட்சியாளருக்குத்தான் இந்தக் கணக்கு தெரியாது?

புது லீகுக்கும் பழைய அமெச்சூர் சங்கத்துக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகவில்லை. சங்கம் ஃபிஃபாவிடம் புகார் கொடுத்தது. ஃபிஃபா கொலம்பியாவைச் சர்வதேசக் கால்பந்திலிருந்து விலக்கி வைத்தது. மற்ற எந்த நாடாக இருந்தாலும் பதறிப்போய் மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கும். மிலோனாரியோஸ் தலைவர் அல்ஃபோன்சோ சீனியர் வேறு மாதிரி யோசித்தார். நம்மைச் சபையிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். அப்படியானால் சபையின் சட்டம் நம்மைக் கட்டாது. சட்டம் கட்டாதென்றால் டிரான்ஸ்ஃபர் தொகை கொடுக்க வேண்டியதில்லை. கிளப்புக்குக் கொடுக்க வேண்டிய அந்தப் பணத்தை ஆட்டக்காரன் கையிலேயே கொடுத்துவிட்டால்?

எல் டொராடோவின் மொத்தப் பொருளாதாரமும் இவ்வளவுதான். கண்டிக்க வந்தவர்கள் கையாலேயே கதவைத் திறக்க வைத்த சீனியரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பின்னாளில் இதே மனிதர் ஃபிஃபாவின் நிர்வாகக் குழுவிலேயே போய் உட்கார்ந்தார். 1986 உலகக் கோப்பையை நடத்தும் உரிமையைக் கொலம்பியாவுக்கு வாங்கித் தந்ததிலும் அவர் பங்கு பெரியது. கட்டுப்படியாகாது என்று 1982-ல் கொலம்பியா அதைத் திருப்பிக் கொடுத்தது, மெக்சிகோ எடுத்துக்கொண்டது, அங்கே மரடோனா கையால் ஒரு கோல் போட்டார்... அந்தப் பக்கம் போனால் இந்த வாரம் திரும்ப முடியாது.

கதவு திறந்ததும் தென் அமெரிக்காவே உள்ளே நுழைந்தது. காலி நகரத்து அணிக்குப் பெருவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 1950-ல் உலகக் கோப்பையை வென்ற உருகுவே அணியின் காம்பெட்டாவும் தெஹேராவும் வெனிசுலா எல்லையோரத்திலுள்ள கூக்குட்டா என்ற ஊருக்கு ஆட வந்தார்கள். பிரேசிலிலிருந்து ஹெலெனோ டி ஃபிரெய்டாஸ் கரீபியக் கரையிலிருக்கும் பாரன்கியாவுக்கு வந்தார். சட்டம் படித்தவர், சினிமா நாயகன் போன்ற அழகர், கோபம் வந்தால் நடுவரையும் அடிக்கப் போவார், தன் அணிக்காரனையும் அடிக்கப் போவார். மூளைக்குள் நோய் ஏறிக்கொண்டிருந்தது அப்போது யாருக்கும் தெரியாது. 1959-ல் ஒரு மனநோய் மருத்துவமனையில் 39 வயதில் இறந்தார். கலவரத்துக்குப் பிறகு கரையோரத்துக்கு வந்து 'எல் ஹெரால்டோ' நாளிதழில் பத்தி எழுதிக்கொண்டிருந்த மார்க்கேஸ், 1950 ஜூனில் ஹெலெனோவின் ஜூனியர் அணி மிலோனாரியோஸுடன் ஆடியதைப் பார்க்கப் போனார். அன்றுதான் தான் கால்பந்து ரசிகனான கதையை அடுத்த பத்தியில் எழுதினார். அன்று அவர் பார்த்த ஆட்டக்காரர்களில் டி ஸ்டெஃபானோவும் ஒருவர்.

அதே கோடையில்தான் இங்கிலாந்துக்காரர்கள் வந்தார்கள். உண்மையான ரகளை அங்கேதான் ஆரம்பம்.

1950-ல் இங்கிலாந்தின் ஆகச் சிறந்த ஆட்டக்காரனும், ஆகச் சுமாரான ஆட்டக்காரனும் வாரத்துக்கு 12 பவுண்டுக்கு மேல் சம்பளம் வாங்க முடியாது. ஆட்டம் இல்லாத கோடைக்காலத்தில் அதுவும் 10 ஆகக் குறையும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் கையில் வரும் அன்பளிப்பும் அதே 10 பவுண்டு. ஐம்பதாயிரம், அறுபதாயிரம் பேர் டிக்கெட் வாங்கி உள்ளே வருவார்கள். வாசலில் வசூலான பணத்துக்கும் மைதானத்தில் ஓடியவனுக்கும் சம்பந்தம் கிடையாது.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் ஆட்டக்காரனின் பதிவுச்சீட்டு கிளப்பிடமே இருக்கும். கிளப் விட்டால்தான் வேறு இடம் போகலாம். விடவில்லையென்றால் அங்கேயே ஆட வேண்டும், அல்லது ஆடாமலே வீட்டில் இருக்க வேண்டும். வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாஸ்போர்ட்டை வாங்கி முதலாளி பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டால், வேலை முடிந்தாலும் விடுதலை அவர் கையில்தான். இந்த ஏற்பாட்டின் பெயர் இங்கிலாந்தில் சட்டம். இதை மதிக்காதவன் பெயர் கொள்ளைக்காரன்.

ஸ்டோக் சிட்டிக்கு ஆடிய நீல் ஃபிராங்க்ளின் அன்றைய இங்கிலாந்தின் சென்டர் ஹாஃப். போருக்குப் பிறகு தேசிய அணி ஆடிய 27 ஆட்டங்களில் ஒன்றைக்கூட விடாமல் ஆடியவர். அந்த ஜூனில் பிரேசிலில் உலகக் கோப்பை. இங்கிலாந்து முதல் முறையாகக் கலந்துகொள்ளப் போகிறது. ஃபிராங்க்ளின் தன்னைச் சேர்க்க வேண்டாம் என்றார். மனைவி கர்ப்பமாக இருப்பதாகக் காரணம் சொன்னார். அது உண்மைதான். பிறகு பார்த்தால், அதே மனைவியைக் கூட்டிக்கொண்டு, அணித் தோழர் ஜார்ஜ் மவுன்ட்ஃபோர்டையும் சேர்த்துக்கொண்டு பொகோட்டாவுக்கு விமானம் ஏறிவிட்டார். அங்கே சான்டா ஃபே கிளப் அவருக்காகக் காத்திருந்தது. அதன் தலைவர் லூயிஸ் ரோப்லேடோ கேம்பிரிட்ஜில் படித்த பணக்காரர், ஆங்கிலேயர்களிடம் ஆங்கிலேயர் போலவே பேசத் தெரிந்தவர்.

ஜூன் 29-ம் தேதி பெலோ ஹொரிசோன்டேயில் அமெரிக்காவிடம் இங்கிலாந்து 0–1 என்று தோற்றது. இன்றைக்கும் அவர்களுக்கு ஆறாத புண். ஃபிராங்க்ளின் இருந்திருந்தால் தோற்றிருக்க மாட்டோம் என்று பத்திரிகைகள் திட்டின. அந்த இடத்துக்கு ஆள் மாற்றி ஆள் போட்டுப் பார்த்து, 1954-ல் பில்லி ரைட்டை நிறுத்திய பிறகுதான் இங்கிலாந்து மூச்சு விட்டது. நான்கு வருடம் தேடியவர்கள், அந்த ஆளையே 'வா' என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. தண்டனைதான் முக்கியமாகப் பட்டது.

பாவம் ஃபிராங்க்ளினுக்குப் பொகோட்டா ஒத்துவரவில்லை. ராத்திரியில் ஊரடங்கு, பாஷை புரியவில்லை, பிள்ளைப்பேறு நெருங்குகிறது. இரண்டே மாதத்தில் ஊர் திரும்பினார். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தடை போட்டது. ஸ்டோக் அவரை மறுபடி சேர்த்துக்கொள்ளாமல் ஹல் சிட்டிக்கு 20,000 பவுண்டுக்கு மேல் விலை வைத்து விற்றது. அந்தப் பணம் முழுக்க ஸ்டோக்குக்கு. ஹல்லில் கையெழுத்துப் போட்ட ஃபிராங்க்ளினுக்குச் சட்டப்படி உரியது அதே 10 பவுண்டு. இங்கிலாந்துக்காக அவர் அப்புறம் ஆடவேயில்லை. இதில் கொள்ளை எங்கே நடந்தது என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும்.

இப்போது என் ஆளுக்கு வருகிறேன்.

சார்லி மிட்டன், மான்செஸ்டர் யுனைடெட்டின் லெஃப்ட் விங். பிறந்தது 1921-ல், ரங்கூனில். நம் தாத்தாக்கள் அரிசி ஆலையிலும் மரக்கிட்டங்கியிலும் வேலை தேடிக் கப்பலேறிய அதே ரங்கூன். அப்பா பிரிட்டிஷ் பட்டாளத்துக்காரர். பதினைந்து வயதில் யுனைடெட்டில் சேர்ந்தார், போர் வந்து நல்ல வருடங்களையெல்லாம் தின்றது. போர் முடிந்து மாட் பஸ்பி கட்டிய முதல் பெரிய அணியில் இடது ஓரம் இவருடையது. 1948-ல் பிளாக்பூலை 4–2 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கிய அணி அது.

பெனால்டி அடிப்பதில் மிட்டன் மன்னன். 1950 மார்ச் 8 அன்று ஆஸ்டன் வில்லாவை யுனைடெட் 7–0 என்று நொறுக்கியது. அதில் மிட்டன் போட்டது நான்கு. நான்கில் மூன்று பெனால்டி. ஒரே ஆட்டத்தில் ஒரே கோல்கீப்பரை மூன்று முறை கோட்டில் நிறுத்தி அடிப்பதென்றால், மூன்றாவது முறை அந்த மனிதரின் மனநிலை என்னவாக இருந்திருக்கும்!

அந்த ஆட்டம் முடிந்து சில வாரங்களில் யுனைடெட் அமெரிக்கச் சுற்றுப்பயணம் போனது. அங்கே மிட்டனுக்குப் பொகோட்டாவிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது ரோப்லேடோவின் சான்டா ஃபே. முன்பணம் 5,000 பவுண்டு. வருடச் சம்பளம் இன்னொரு 5,000. வீடு தனி. மிட்டன் மான்செஸ்டரில் வருடம் முழுக்க ஓடினால் கைக்கு வருவது 600 பவுண்டை ஒட்டித்தான். வயது 29. ஆட்டக்காரனுக்கு அது சாயங்காலம். பஸ்பி தடுத்துப் பார்த்தார். மிட்டன் கேட்கவில்லை.

பஸ்பியைக் கும்பிடுகிறவர்கள் உலகமெங்கும் உண்டு, நானும் அவர்களில் ஒருவன்தான். ஆனாலும் இந்த விஷயத்தில் என் ஓட்டு மிட்டனுக்கே. நிலக்கரிச் சுரங்கத்துக் குடும்பத்தில் பிறந்த பஸ்பிக்குக் கூலி என்றால் என்னவென்று தெரியாதா? தெரியும். ஆனால் அவர் நாற்காலி இருந்தது மேஜையின் இந்தப் பக்கம்.

மிட்டன் ஒரு சீசன் முழுவதும் பொகோட்டாவில் இருந்தார். ஃபிராங்க்ளினைப் போல நொந்துபோகவில்லை. அவர் சுபாவம் அப்படி. எங்கே இறக்கிவிட்டாலும் கடை விரித்துவிடுகிற ஆள். பொகோட்டா மைதானங்களில் டி ஸ்டெஃபானோவுக்கு எதிரே நின்று ஆடினார். ஹார்ட்ஸ் அணியின் பாபி ஃபிளேவல், எவர்ட்டனின் பில்லி ஹிக்கின்ஸ் ஆகியோர் மிலோனாரியோஸ் பக்கம் இருந்தார்கள். ஒப்பந்தம் முடிந்து 1951-ல் ஊர் திரும்பியபோது இங்கிலாந்துப் பத்திரிகைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'பொகோட்டா கொள்ளைக்காரன்'. சங்கம் 250 பவுண்டு அபராதமும் ஆறு மாதத் தடையும் விதித்தது. அபராதமே ஐந்து மாதச் சம்பளம்! பஸ்பி விற்பனைப் பட்டியலில் போட்டார். வாங்கியது லண்டனின் ஃபுல்ஹாம் கிளப்.

இங்கேதான் வரலாற்றாசிரியர்கள் கவனிக்காமல் போகிற ஓர் இடம் வருகிறது. 1952 தொடக்கத்தில் மிட்டன் ஃபுல்ஹாமுக்குப் போனார். அதே மார்ச்சில் பிரென்ட்ஃபோர்டிலிருந்து அங்கே வந்தவர் ஜிம்மி ஹில் என்ற நெட்டை ஆள். அந்த டிசம்பரில் ஜானி ஹெய்ன்ஸ் என்ற 18 வயதுப் பையன் அதே அணியில் அறிமுகமானான். அதன்பின் மிட்டன் அங்கிருந்தவரை மூவரும் ஒரே அறையில் சட்டை மாற்றினார்கள். 1961 ஜனவரியில் ஆட்டக்காரர் சங்கத் தலைவராக வேலைநிறுத்த மிரட்டல் விடுத்து, சம்பள உச்சவரம்பை உடைத்தெறிந்தவர் அந்த ஜிம்மி ஹில். உடைந்ததும் வாரம் 100 பவுண்டு வாங்கிய முதல் ஆட்டக்காரர் அந்த ஜானி ஹெய்ன்ஸ்.

மிட்டன் அந்த அறையில் பொகோட்டாக் கதைகளைச் சொல்லாமல் இருந்திருப்பார் என்று நான் நம்பத் தயாரில்லை. வாய் ஓயாத மனிதர். ஹெய்ன்ஸின் 100 பவுண்டைக் கேட்டு 1961-ல் இங்கிலாந்தே வாயைப் பிளந்தது. மிட்டனுக்குச் சான்டா ஃபே கொடுத்த 5,000 பவுண்டை 52 வாரத்தால் வகுத்துப் பாருங்கள்: 96 பவுண்டு சொச்சம். கொள்ளைக்காரர்கள் 1950-ல் கொடுத்த கூலியைக் கனவான்கள் கொடுக்கப் பதினொரு வருடம் ஆயிற்று.

மிட்டனின் மீதிக் கதையும் சுவையானதுதான். 1958-ல் நியூகாசில் மேனேஜர் ஆனார். நாய்ப்பந்தயப் பைத்தியம். பந்தய மைதானத்தோடு பேச அலுவலகத்தில் தனித் தொலைபேசி வைத்திருந்தார் என்பார்கள். அடிபட்ட ஆட்டக்காரர்களைப் படுக்க வைக்கும் மேஜையில் அவருடைய வேட்டை நாய்க்கு முதலில் வைத்தியம் நடந்தது என்றும் ஒரு கதை. 1961-ல் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது, அவர் வேலையும் போனது. 2002-ல் 80 வயதில் இறந்தார்.

எல் டொராடோ எல்லோருக்கும் சொர்க்கமாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்காரனுக்கு அள்ளிக் கொடுத்த கிளப்கள் கடனில் மூழ்கின, சில காணாமலே போயின. உள்ளூர்ப் பையன்கள் ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். இதையெல்லாம் மறைத்து அல்ஃபோன்சோ சீனியருக்குச் சிலை வைக்க நான் வரவில்லை. ஆனால் பந்தை உதைத்தவனிடம் நேரடியாக 'உனக்கு எவ்வளவு வேண்டும்?' என்று கேட்ட ஊர் அந்நாளில் வேறெதுவும் இல்லை.

கேட்டதற்குப் பலன் மைதானத்தில் தெரிந்தது. 1949, 1951, 1952, 1953 என்று நான்கு பட்டங்கள் மிலோனாரியோஸுக்கு. சட்டையின் நிறத்தை வைத்து 'நீல பாலே' என்று பெயர். ஐந்து கோல் போட்ட பிறகு எதிரணியை மேலும் அவமானப்படுத்தக்கூடாதென்று கோல் அடிப்பதை நிறுத்திவிட்டு, பந்தை மட்டும் தங்களுக்குள் வைத்துக்கொண்டு விளையாட்டுக் காட்டுவார்கள். ஐந்து கோல், அப்புறம் ஆட்டம் பாட்டம். எதிரணிக்காரன் எதை அதிகம் அவமானமாக நினைத்தான் என்று யாராவது கேட்டார்களா தெரியவில்லை!

டி ஸ்டெஃபானோ இங்கேதான் டி ஸ்டெஃபானோ ஆனார். ரிவர் பிளேட்டிலிருந்து கிளம்பியபோது அவர் வேகமாக ஓடிக் கோல் போடும் சென்டர் ஃபார்வர்டு. பொகோட்டாவில் பெடெர்னேரா பக்கத்திலேயே ஆடினார். முன்வரிசையில் நிற்கவேண்டியவர் பின்னால் இறங்கி வந்து, பந்தை வாங்கி, ஆட்டத்தை நடத்துவது எப்படி என்று நான்கு வருடம் பக்கத்திலிருந்து பார்த்தார். பின்னாளில் தன் கோலருகே பந்தைப் பறித்து, நடுவில் பங்கிட்டு, எதிர்க் கோலில் தானே முடித்துவைக்கும் மனிதராக ஐரோப்பா கண்டு மிரண்டதே, அந்தப் பாடம் பொகோட்டாவில் படித்தது. லீகில் மட்டும் ஏறத்தாழ 90 கோல். ஐரோப்பியர்கள் எழுதிய வாழ்க்கைக் குறிப்புகளில் இந்த நான்கு வருடத்துக்கு நான்கு வரிதான் கிடைக்கும்.

ஃபிஃபா எத்தனை நாள் பொறுக்கும்? 1951 அக்டோபரில் லிமாவில் பஞ்சாயத்து பேசினார்கள். தீர்ப்பு இரு தரப்புக்கும் பாதிப் பாதி. கொலம்பியா மறுபடி சபைக்குள் வரலாம். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் 1954 அக்டோபர் வரை அங்கேயே ஆடலாம். அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் பழைய கிளப்புக்கே சொந்தம். 'சொந்தம்' என்ற சொல்லை எழுதும்போது அங்கே உட்கார்ந்திருந்த யாருக்கும் கை நடுங்கியதாகத் தெரியவில்லை.

இந்த ஒப்பந்தம் வந்ததால்தான் மிலோனாரியோஸ் ஐரோப்பாவுக்குப் போக முடிந்தது. 1952 மார்ச்சில் ரியல் மாட்ரிட் தன் ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடியது. கிளப் தலைவர் சான்டியாகோ பெர்னபேயூ கட்டிய புது மைதானத்துக்கு வயது ஐந்துகூட ஆகவில்லை; இன்னும் அவர் பெயர் வைக்கப்படவில்லை, சமார்ட்டின் என்பார்கள். அவ்வளவு பெரிய மைதானம் கட்டியவரிடம் அதை நிறைக்கும் ஆட்டக்காரன் இல்லை. 1933-க்குப் பிறகு லீகை ஒருமுறைகூட வெல்லாத கிளப் அது. விருந்தாளிகளாக ஸ்வீடனிலிருந்து நார்ஷாப்பிங் அணியும் பொகோட்டாவிலிருந்து மிலோனாரியோஸும் வந்தன. மார்ச் 30 அன்று விருந்தாளி வீட்டுக்காரரை 4–2 என்று அடித்தார். இரண்டு கோல் டி ஸ்டெஃபானோவுடையது.

அன்றே பெர்னபேயூ முடிவு செய்துவிட்டார் என்பது மாட்ரிட்காரர்கள் சொல்லும் கதை. பார்சிலோனாவின் தொழில்நுட்பச் செயலாளர் ஜோசெப் சமிட்டியேரும் சளைத்தவரல்ல. குபாலாவைக் கொண்டுவந்தவர் அவர்தான் என்பதை ஏழாவது அத்தியாயத்தில் பார்த்தோம்.

பக்கம் தீர்ந்துவிட்டது. வழக்குக்குள் நுழையும்முன் முடிச்சை மட்டும் கையில் கொடுத்துவிடுகிறேன்.

லிமா ஒப்பந்தப்படி 1954 அக்டோபர் வரை டி ஸ்டெஃபானோ மிலோனாரியோஸ் ஆள். மறுநாள் காலையிலிருந்து ரிவர் பிளேட் ஆள். அவரோ ஆடி அலுத்துப்போய் பொகோட்டாவைவிட்டுப் புவனோஸ் அயர்ஸுக்கே போய்விட்டார். பார்சிலோனா ரிவர் பிளேட்டோடு பேசி முடித்தது. நாளைக்குக் கிடைக்கும் உரிமையை இன்றைக்கே வாங்கியது. மாட்ரிட் மிலோனாரியோஸோடு பேசியது. இன்றைக்கு இருக்கிற உரிமையை வாங்கியது. ஒரு மனிதனை இரண்டு பேர் இரண்டு கடையில் வாங்கிவிட்டார்கள், இரண்டு ரசீதும் செல்லும்.

பார்சிலோனா முதலிலேயே மிலோனாரியோஸிடமும் மரியாதையாகப் பேசியிருந்தால் ரசீது ஒன்றோடு முடிந்திருக்கும். பேசவும் பேசினார்கள். ஆனால் மிலோனாரியோஸ் அலுவலகத்துக்குப் பேரம் பேச அவர்கள் அனுப்பியது பொகோட்டாவில் குடியிருந்த ஒரு கட்டலான்காரரை. அவர் வேறொரு கிளப்பின் நிர்வாகி. ஊரிலேயே மிலோனாரியோஸ்காரர்களுக்கு ஆகாத சான்டா ஃபே!

(தொடரும்)